கந்தகச் சங்கிலி எவ்வளவு நீளம்? இலிதியம்-கந்தக மின்கலத்தின் பல்பகுதியக் கதோட்டு பற்றி ஒரு சந்தேகம்

கரும்பலகை (திருகோணமலை) | வெள்ளி, இரவு 9.10

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவன். போன கிழமை மின்னிரசாயனம் நடத்தும்போது ஒரு பிள்ளை எழும்பி, "சேர், கந்தகம் மின்னைக் கடத்தாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படியென்றால் அதில் எப்படிக் கதோட்டு செய்கிறார்கள்?" என்று கேட்டாள். காபன் தூளோடு கலப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. அடுத்த வகுப்புக்கு மூன்று படங்களோடு வந்து நின்றாள்.

மூன்றும் ஒரே பொருளின் படங்கள்: கந்தகமேற்றிய பொலிஅக்கிரைலோநைத்திரைல். சுருக்கமாக ஸ்பான் என்கிறார்கள். ஆனால் மூலக்கூறு மூன்று விதம். முதலாவதில் ஆறுமூலை வளையங்கள் ஏணிப்படி மாதிரி ஒட்டி நிற்க, கந்தகம் பக்கத்தில் எந்தப் பிணைப்பும் இல்லாமல் சும்மா கிடக்கிறது. இரண்டாவதில் இரண்டு மூன்று கந்தக அணுக்கள் வளையத்துக் காபனில் பிணைந்து, பக்கத்துச் சங்கிலிக்குப் பாலம் போட்டிருக்கின்றன. மூன்றாவதில் ஒற்றைக் கந்தகம் காபனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது.

இதில் எதை நான் பலகையில் வரைவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையிடம் அது எடுபடாது.

டயர்கடை | வெள்ளி, இரவு 9.42

சேர், அந்த நீளப் பெயரெல்லாம் என் வாயில் நுழையாது. கந்தகம், சங்கிலி, பாலம் என்று கண்டதும் எட்டிப்பார்த்தேன். கண்டி வீதியில் எங்கள் கடையில் இருபது வருடமாக நடப்பது இதுதான். பச்சை றப்பர் துண்டை ஒட்டு வைத்துச் சூட்டில் அழுத்தினால் உள்ளே இருக்கும் கந்தகம் றப்பர்ச் சங்கிலிகளைக் கொளுவிவிடும். சூடு காணாவிட்டால் பிசுபிசு என்று நிற்கும், கூடினால் மரக்கட்டை. இதை வைத்து பற்றரி செய்கிறார்களா?

சோளகம் (உப்புவெளி, இப்போது விடுமுறையில்) | சனி, காலை 6.25

டயர்கடை அண்ணை பிடித்தது சரியான இடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சேர், நான் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இதே கறுப்புத் தூளை நான்கு வருடம் சுட்டு, அரைத்து, பூசி, அளந்தவன். கடற்கரையில் இருந்து கைபேசியில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று படங்களுக்கு முன், இந்தப் பொருள் ஏன் தேவைப்பட்டது என்று பார்ப்போம். சாதாரணக் கந்தகம் எட்டு அணுக்கள் சேர்ந்த வளையம், கிரீடம் மாதிரி மேலும் கீழுமாக மடிந்தது. மின்கலம் மின்னைத் தரும்போது வளையம் உடைந்து, இரண்டு முனையிலும் இலிதியத்தைப் பிடித்துக்கொள்ளும். எட்டணுச் சங்கிலி ஆறாகி, நான்காகி, இரண்டாகி, கடைசியில் ஒரு கந்தகத்துக்கு இரண்டு இலிதியம் என்று முடியும். ஒரு கந்தக அணு இரண்டு இலத்திரன்களை வாங்குகிறது. கணக்குப் போட்டால் கிராமுக்கு 1672 மில்லி அம்பியர் மணி. இப்போது வீட்டுச் சூரிய மின்னுக்கு வாங்குகிறார்களே இலிதியம் இரும்புப் பொசுபேற்று, அதற்கு 170. ஏறக்குறைய பத்து மடங்கு! ஆசை வரத்தானே செய்யும்?

வில்லங்கம் நடுவழியில் இருக்கிறது. எட்டு, ஆறு, நான்கு என்ற நீளச் சங்கிலிகள், கலத்துக்குள் இலிதியத்தை அங்குமிங்கும் கொண்டுபோகும் ஈதர் திரவத்தில் (மின்பகுபொருள்) சீனி மாதிரிக் கரைந்துவிடும். கரைந்தது கதோட்டில் நிற்காது. மறுபக்கத்து இலிதியத் தகட்டுக்குப் போய், அங்கே கொஞ்சம் இலத்திரன் வாங்கிச் சுருங்கி, திரும்பி வரும். மறுபடி போகும். மூதூருக்குப் போய்வந்த லோஞ்சுப் படகு மாதிரித்தான். ஆனால் இதில் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் சரக்கு கடலுக்குள் போய்விடும். கண்ணாடிக் கலத்தில் செய்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: தெளிந்த திரவம் மஞ்சளாகி, தேன் நிறமாகி, பழுப்பாகிவிடும்.

ஸ்பானை வைத்த கலத்தில் அந்த நிறம் வருவதில்லை. முதல் தடவை பார்த்தபோது கலம் வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன்.

செய்முறை எளிது. பொலிஅக்கிரைலோநைத்திரைல் ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை, கடையில் விற்கும் அக்கிரைலிக் கம்பளி நூலின் அடிப்படை அதுதான். காபன் நார் செய்வதும் அதிலிருந்துதான். அதன் தூளைக் கந்தகத்தோடு கலந்து, காற்றுப் படாமல் 300 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்குவார்கள். உள்ளே இரண்டு காரியங்கள் நடக்கும். ஒன்று, கந்தகம் முதுகெலும்புச் சங்கிலியிலிருந்து ஐதரசனைப் பிடுங்கி ஐதரசன் சல்பைட்டாகப் பறந்துவிடும். மற்றது, பக்கவாட்டில் தொங்கும் காபன்-நைதரசன் மும்மைப் பிணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து வளையங்களாகும். நீங்கள் சொன்ன ஏணி அப்படி வந்ததுதான். வெள்ளைத் தூளும் மஞ்சள் தூளும் போய், கறுப்புத் தூள் வெளியே வரும். மிஞ்சிய கந்தகத்தின் ஒரு பகுதி அந்த ஏணியில் மாட்டிக்கொள்ளும்.

அது எப்படி மாட்டிக்கொள்கிறது என்பதில்தான் மூன்று படங்களும் பிரிகின்றன. முதற்படம் பழையது. சீனாவில் வாங் ஜியூலின் குழு 2002 இல் இந்தப் பொருளைக் கதோட்டாக அறிமுகம் செய்தபோது, கடத்தும் பல்பகுதியத்துக்குள் கந்தகம் நுண்ணிய அளவில் பொதிந்திருக்கிறது என்ற எண்ணம்தான் இருந்தது. பிணைப்புள்ள படங்கள் பின்னால் வந்தவை. ஜேர்மனியில் ஸ்ருட்கார்ட்டில் புக்மைசர் குழு 2011 இல் எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. கந்தகம் காபனோடு பங்கீட்டு வலுப் பிணைப்பில் இருக்கிறது என்று அடித்துச் சொன்னவர்கள் அவர்கள். எனக்கு இரண்டாவது படத்தில்தான் நம்பிக்கை. மூன்றாவதும் அதே தூளில் ஓரமாக இருக்கலாம்.

காரைக்குடிக்காரன் | சனி, காலை 8.50

நல்ல இழை. முதலில் ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் படிப்பவர்களுக்குக் கதோட்டு என்றால் நேர்மின்முனை, பல்பகுதியம் என்றால் பாலிமர், இலத்திரன் என்றால் எலக்ட்ரான். நானும் முதல் பத்தியில் கொஞ்சம் தடுமாறினேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதால் எங்கள் ஊர் டீக்கடையிலும் பேட்டரிப் பேச்சு கிடைக்கும். ஆனால் நான் அங்கே வேலை செய்கிறவன் இல்லை, சுற்றித் திரிகிறவன்.

சோளகம் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. "பிணைப்பு இருக்கிறது, முடிந்தது" என்கிற தொனி. முதற்படத்தை அவ்வளவு சுலபமாகக் குப்பையில் போட முடியாது. ஸ்பானைக் கார்பன் டைசல்பைடிலோ டொலுயீனிலோ கழுவினாலும் உள்ளிருக்கும் கந்தகம் கரைந்து வராது, ஆகவே பிணைப்பு உண்டு என்பார்கள். இது அரைகுறை வாதம். கார்பனில் அரை நானோமீட்டர் அளவுக்குத் துளை இருந்தால், அதற்குள் புகுந்த இரண்டணு, நான்கணுக் கந்தகத்தைக் கரைப்பான் தொடவே முடியாது. எட்டணு வளையத்துக்கு அங்கே இடமும் இல்லை. கழுவி வராததற்குக் காரணம் பிணைப்பாகவும் இருக்கலாம், பூட்டிய அறையாகவும் இருக்கலாம்.

கிண்ணியாப்படகு | சனி, முற்பகல் 10.15

படித்தவர்கள் சண்டைக்கு நடுவில் ஒரு படகுக்காரன் கேள்வி. இரவுத் தொழிலுக்கு விளக்குக்கு பற்றரி கொண்டுபோகிறோம். 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி ஈய பற்றரி முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும். விடியப்புறம் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துவிட்டு, அதையும் தோளில் சுமந்து மணலில் நடக்கவேண்டும். போன வருடம் ஒரு கடையில் "இலிதியம், பாரமே இல்லை" என்று ஒன்றை விற்றார்கள். நான்கு மாதத்தில் பலாக்காய் மாதிரி ஊதிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் உப்புத் தண்ணி பட்டுவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். நீங்கள் பேசும் இந்தக் கந்தக பற்றரி எப்போது கடைக்கு வரும்?

சோளகம் | சனி, நண்பகல் 12.05

காக்கா, உங்களுக்கு நேராகவே சொல்கிறேன். இப்போது வாங்குவதென்றால் நல்ல காப்பறுதியோடு இரும்புப் பொசுபேற்று பற்றரி வாங்கி, நீர் புகாத பெட்டியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். கந்தக பற்றரிக்காகக் காத்திருக்க வேண்டாம். அது பறக்கிற சாமான்களுக்குத்தான் முதலில் போனது. 2010 யூலையில் செபிர் என்ற ஆளில்லாச் சூரிய விமானம் 14 நாள் இறங்காமல் பறந்தபோது இரவில் அதைத் தாங்கியது இலிதியம்-கந்தக மின்கலம். நிறை குறைவு என்பதுதான் அதன் பலம். பருமன் அவ்வளவு குறையாது, ஆயுளும் இரும்புப் பொசுபேற்றுக்கு ஈடில்லை. தோளில் சுமக்கும் உங்களுக்கு அது பிடிக்கும், பணம் கொடுக்கும்போது பிடிக்காது.

ஆனால் உங்கள் கேள்வியில் இந்த இழைக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது: சூடு. வழக்கமான கந்தக மின்கலத்தில் ஊற்றும் டையொக்சொலேன் ஏறக்குறைய 75 பாகையில் கொதிக்கும், அதோடு சேரும் டைமீத்தொக்சிஈதேன் 85 இல். ஆடி மாத வெயிலில், மூடிய பெட்டிக்குள், நம் ஊர் வள்ளத்தில் அதை வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சாதாரணக் கைபேசி மின்கலத்தில் இருக்கும் காபனேற்றுத் திரவங்கள் அதைவிடக் கூடிய சூட்டைத் தாங்கும். அப்படியென்றால் அதையே ஊற்றலாமே என்று கேட்பீர்கள். எட்டணுக் கந்தகத்துக்கு ஊற்ற முடியாது. நீளச் சல்பைட்டுச் சங்கிலிகள் காபனேற்று மூலக்கூறையே தாக்கிக் கெடுத்துவிடும். சில சுற்றுகளில் கலம் செத்துப்போகும்.

ஸ்பான் காபனேற்றிலும் ஓடுகிறது. நீளச் சங்கிலி உருவாவதே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. காரைக்குடி அண்ணைக்கும் இது பாதிப் பதில்.

காரைக்குடிக்காரன் | சனி, பிற்பகல் 1.30

பாதிதான். குறுகிய சங்கிலி என்பதை அது நிரூபிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கார்பனோடு பிணைப்பு என்பதை நிரூபிக்கவில்லை. என் பூட்டிய அறைக் கந்தகமும் கார்பனேட்டில் ஓடும். நுண்துளைக் கார்பனில் அடைத்த கந்தகத்தை அப்படி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

கன்னியா_7 | சனி, பிற்பகல் 4.20

சேர், அந்த மூன்று படங்களைக் கொண்டுவந்தவள் நான்தான். நீங்கள் இழை தொடங்கியதை அண்ணா காட்டினார்.

நான் ஒரு கணக்குச் செய்தேன், பிழை இருந்தால் திருத்துங்கள். பல்பகுதியத்தின் ஓர் அலகில் மூன்று காபன், மூன்று ஐதரசன், ஒரு நைதரசன். நிறை 53. ஐதரசன் எல்லாம் போய்விட்டது என்று வைத்தால் மிச்சம் 50. ஓர் அலகுக்கு ஒரு கந்தகம் (32) மாட்டினால் மொத்தம் 82, அதில் கந்தகம் 39 விழுக்காடு. இரண்டு மாட்டினால் 114 இல் 64, அதாவது 56 விழுக்காடு. ஸ்பானில் கந்தகம் 40 முதல் 50 விழுக்காடுவரை என்று படித்தேன். 42 என்று எடுத்தால் ஓர் அலகுக்கு 1.13 கந்தகம்தான் வருகிறது.

அப்படியென்றால் எட்டணு வளையம் அங்கே இருக்கவே இடமில்லையே? சராசரியாக ஒன்றுக்கு ஒன்றுதானே?

சோளகம் | சனி, மாலை 5.05

தங்கச்சி, கணக்குச் சரி. முடிவில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். சராசரி 1.13 என்றால் எல்லா அலகிலும் ஒவ்வொன்று இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இரண்டு அலகில் ஒன்றுமில்லாமல், மூன்றாவதில் மூன்று கந்தகம் வரிசையாக நிற்கலாம். ஏழு அலகு வெறுமையாக, எட்டாவதின் பக்கத்தில் முழு எட்டணு வளையமே கிடந்தாலும் சராசரி ஏறக்குறைய அதேதான் வரும். சராசரி மட்டும் சங்கிலியின் நீளத்தைச் சொல்லாது.

நீளத்தைச் சொல்வது வேறு அளவீடுகள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் பளிங்குக் கந்தகத்தின் கூரான உச்சிகள் ஒன்றுமே தெரியாது, அகலமான மேடு ஒன்று மட்டும் தெரியும். ஆகவே எட்டணு வளையங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து நிற்கவில்லை. சூடாக்கினால் தனிக் கந்தகம் ஆவியாகிப் போயிருக்கவேண்டிய வெப்பநிலையிலும் நிறை குறைவதில்லை. இராமன் நிறமாலையில் கந்தகம்-கந்தகம் அதிர்வும் உண்டு, காபன்-கந்தகம் அதிர்வும் உண்டு. அகச்சிவப்பில் மும்மைப் பிணைப்பின் உச்சி, அலையெண் 2240 அளவில் வரவேண்டியது, மறைந்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு, மூன்று, கூடினால் நான்கு கந்தகம் கொண்ட குட்டைச் சங்கிலிகள், அவற்றின் முனைகள் காபனில். காரைக்குடி அண்ணை காபன்-கந்தக அதிர்வுக்கு என்ன சொல்லப்போகிறார் என்று பார்ப்போம்.

காரைக்குடிக்காரன் | சனி, இரவு 7.40

கார்பன்-கந்தகப் பிணைப்பு கொஞ்சம்கூட இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, தம்பி. எல்லாக் கந்தகமும் அப்படியா என்பதுதான் கேள்வி. சுடும் சூட்டைக் கூட்டினால் கந்தக அளவு குறைகிறது, மிஞ்சியது இறுக்கமாக நிற்கிறது. அப்படியென்றால் குறைந்த சூட்டில் செய்த தூளில் தளர்வாக இருந்த பங்கு ஒன்று உண்டு என்றுதானே பொருள்? ஒரே பெயரில் பத்து ஆய்வுக்கூடங்கள் பத்து விதமான தூள் செய்துவிட்டு, யார் படம் சரி என்று அடித்துக்கொள்கிறார்கள் என்பது என் கட்சி.

சரி, மாணவிக்கு இன்னொரு கணக்கு தருகிறேன், டயர்கடைக்காரருக்கும் பிடிக்கும். 2013 இல் அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பியூன் குழு தலைகீழ் வல்கனைசிங் என்று ஒன்றைச் செய்தது. வல்கனைசிங் என்பது டயர்கடைக்காரர் சொன்ன அதே வேலை, ரப்பர்ச் சங்கிலிகளைக் கந்தகத்தால் கொளுவுவது. ரப்பரில் நிறையக் கார்பன் சங்கிலி, கொஞ்சம் கந்தகம். இவர்கள் மாற்றிப் போட்டார்கள்: நிறையக் கந்தகம், கொஞ்சம் கார்பன் மூலக்கூறு.

கந்தகம் 119 பாகை அளவில் உருகி, வைக்கோல் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஓடும். 159ஐத் தாண்டினால் வளையங்கள் உடைந்து ஒன்றோடொன்று நீளச் சங்கிலியாகி, கருஞ்சிவப்புப் பாகாகக் கெட்டிப்படும். ஆறவிட்டால் நிலைக்காது, நாள்போக்கில் வளையத்துக்கே திரும்பிவிடும். அவர்கள் 185 பாகையில் டைஐசோபுரோபினைல்பென்சீன் என்ற திரவத்தை அதில் ஊற்றினார்கள். அதில் இரண்டு இரட்டைப் பிணைப்பு. கந்தகச் சங்கிலியின் அலையும் முனைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டன. ஆறியபின் சிவப்புக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக். அதையே லித்தியம் பேட்டரிக்கு நேர்மின்முனையாகவும் போட்டுப் பார்த்தார்கள்.

கணக்கு இதுதான்: 90 கிராம் கந்தகம், 10 கிராம் அந்தத் திரவம் (மூலக்கூறு நிறை 158). ஒரு சங்கிலியில் எத்தனை கந்தகம்?

கன்னியா_7 | சனி, இரவு 8.35

90ஐ 32 ஆல் வகுத்தால் 2.81 மூல். 10ஐ 158 ஆல் வகுத்தால் 0.063. ஒரு மூலக்கூறுக்கு 44 கந்தகம். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் இரண்டு முனைகளைப் பிடிக்கும், ஆகவே ஒரு மூலக்கூறில் நான்கு முனைகள். ஒரு சங்கிலிக்கு முனை இரண்டு. அப்படியென்றால் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு சங்கிலி, சங்கிலிக்கு 22 கந்தகம்.

ஆனால் 22 என்பது எட்டைவிடப் பெரிசு! இது கரையாதா?

காரைக்குடிக்காரன் | சனி, இரவு 8.50

அபாரம். அங்கேதான் பிடி. கரையும். மின்னிறக்கத்தில் அந்த 22 நடுவில் உடைந்து, வழக்கமான எட்டு, ஆறு, நான்கு எல்லாம் வரும். அதனால்தான் அதன் வோல்ட் வளைவில் சாதாரணக் கந்தகம் மாதிரியே 2.3 பக்கம் ஒரு படி, 2.1 பக்கம் ஒரு படி என்று இரண்டு தெரியும். கார்பன் முனைகளோடு ஒட்டிய துண்டுகள் கடைசியில் வரும் திடப்பொருளுக்கிடையில் கலந்து அதை இறுகவிடாமல் தடுக்கின்றன, அதனால் ஆயுள் கொஞ்சம் கூடுகிறது. ஓடிப்போவதை முழுக்க நிறுத்தவில்லை. ஸ்பானில் இரண்டு படியே கிடையாது, 2 வோல்ட்டுக்குக் கீழே ஒரே சரிவு.

திரவத்தைப் பாதிக்குப் பாதி போட்டால் உங்கள் கணக்கில் சங்கிலிக்கு இரண்டரைக் கந்தகம் வரும். ஓட்டம் நிற்கும். கூடவே எடையில் பாதி, சும்மா சுமக்கும் கார்பன்.

டயர்கடை | சனி, இரவு 9.15

இப்போது விளங்குகிறது! எங்கள் றப்பரில் நூறு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம். முப்பதுக்கு மேல் போட்டால் அது எபனைற்று, கறுப்பாக, கல் மாதிரி. பழைய லொறி பற்றரிகளின் பெட்டி அதில்தான் செய்தார்கள், என் அப்பா காலத்துப் பெட்டி ஒன்று கடையில் இன்னும் ஆணி போட்டுவைக்க இருக்கிறது. அப்போது கந்தக றப்பர் பற்றரிக்கு வெளியே. இப்போது உள்ளே போட்டிருக்கிறார்கள்.

ஒன்று சொல்லட்டுமா? ஒட்டிலும் இப்படித்தான். குறைந்த சூட்டில், நிறையக் கந்தகத்தோடு, ஆறுதலாக வெந்த றப்பர் நல்லா இழுபடும், ஆனால் ஓடும் சூட்டில் சீக்கிரம் தளர்ந்துவிடும். கந்தகத்தைக் குறைத்து, வேகமூட்டும் மருந்தைக் கூட்டினால் சூடு தாங்கும். மருந்து விற்க வந்தவர் நீளப் பாலம், குட்டைப் பாலம் என்று ஏதோ சொன்னார். அப்போது தலையாட்டிவிட்டு இருந்தேன்.

சோளகம் | சனி, இரவு 9.30

அண்ணை, அதேதான். நீளப் பாலத்தில் கந்தகம்-கந்தகப் பிணைப்பு நிறைய, அது காபன்-கந்தகப் பிணைப்பைவிட மெலிந்தது, சூட்டில் முதலில் அறும். நான் நான்கு வருடம் படித்ததை நீங்கள் நான்கு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

பரிசோதனைப்பிரியன் | சனி, இரவு 10.20

அக்கிரைலிக் நூல் கடையில் இருக்கிறது, கந்தகமும் வாங்கலாம், 300 பாகை எங்கள் அடுப்பிலேயே வரும். பழைய மா டின்னில் போட்டு மூடி ஒருக்கால் செய்து பார்க்கவா?

நெறியாளர் | சனி, இரவு 10.24

வேண்டாம். வெளிவருவது ஐதரசன் சல்பைட்டு, ஆளைக் கொல்லும் வாயு. கூழ்முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள்: காற்றின் பத்து இலட்சம் பங்கில் நூறு பங்கைத் தொட்டாலே மூக்கு மரத்து நாற்றம் தெரியாமல் போகும், அதற்குமேல் கூடக் கூட மயக்கம். மூடிய டின் என்றால் வெடிக்கவும் செய்யும். ஆய்வுகூடங்களில் வாயுவைக் காரக் கரைசலுக்குள் செலுத்திப் பிடிக்கிறார்கள், புகைபோக்கிக்குக் கீழே நின்று செய்கிறார்கள். இந்த யோசனையைத் தொடரும் பதிவுகள் நீக்கப்படும்.

பரிசோதனைப்பிரியன் | சனி, இரவு 10.31

சரி சரி, விட்டுவிட்டேன்.

கிண்ணியாப்படகு | ஞாயிறு, காலை 7.00

எல்லாம் வாசித்தேன். பாதி விளங்கியது. தம்பி, ஸ்பானில் பாதிக்கு மேல் கந்தகமே இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் பாரம் குறைகிற இலாபம் எங்கே?

சோளகம் | ஞாயிறு, காலை 8.10

காக்கா, வியாபாரி கேட்கும் கேள்வி இது. 42 விழுக்காடு என்றால் கிராமுக்கு 1672 இல்லை, 700 சொச்சம். வோல்ற்றளவும் இரும்புப் பொசுபேற்றின் 3.4க்கு எதிராகச் சராசரி 1.9 அளவுதான். பெருக்கினால் ஸ்பான் கிலோவுக்கு 1300 வாற்று மணிக்குக் கொஞ்சம் மேல், இரும்புப் பொசுபேற்று 580க்குக் கிட்ட. இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. ஆனால் இது கதோட்டுத் தூளுக்கு மட்டும். அனோட்டு (மறுபக்கத்து முனை), திரவம், தகடு, உறை எல்லாம் சேரும்போது இலாபம் தேயும். அனோட்டாகப் போடும் இலிதிய உலோகம் ஊசி ஊசியாக வளரும் தொல்லையும் அப்படியே இருக்கிறது. கதோட்டு மூலக்கூறை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் அது மறுபக்கத்தைத் திருத்தாது. கந்தகத்தைக் கூட்டச் சங்கிலியை நீட்டவேண்டும், நீட்டினால் கரையும்.

கன்னியா_7 | ஞாயிறு, காலை 9.45

கடைசிக் கேள்வி ஒன்று. ஸ்பான் முதல் தடவை மின்னிறங்கும்போது, அதில் உள்ள கந்தகத்துக்குக் கணக்குப்படி வரக்கூடியதைவிடக் கூடுதலாகத் தருகிறது என்று ஒரு படத்தில் இருந்தது. இல்லாத இலத்திரன் எங்கிருந்து வருகிறது?

சோளகம் | ஞாயிறு, காலை 10.30

ஏணியும் வாங்குகிறது, தங்கச்சி. கந்தகம் மட்டும் இலத்திரன் வாங்குகிறது என்று வைத்துத்தான் நீங்கள் கணக்குப் போட்டீர்கள். அந்த வளையங்களில் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறிமாறி நிற்கின்றன, நைதரசனும் இருக்கிறது. முதல் தடவை அங்கும் இலிதியம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் ஒரு பங்கு திரும்பி வராது, அதனால் முதற்சுற்றில் கொடுத்ததும் எடுத்ததும் பொருந்தாது. ஆனால் அது முழு நட்டம் இல்லை: உள்ளே தங்கிய இலிதியத்தால் ஏணி நன்றாகக் கடத்தத் தொடங்கும், இரண்டாவது சுற்றில் வோல்ற்றளவு முதற்சுற்றைவிட மேலே நிற்கும். கந்தகம் கடத்தாதே என்று கேட்டீர்களே, அதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. கந்தகம் கடத்தத் தேவையில்லை, அது ஒட்டியிருக்கும் ஏணி கடத்தினால் போதும், பாலம் குட்டையாக இருந்தால்.

காரைக்குடிக்காரன் | ஞாயிறு, முற்பகல் 11.00

இதில் எனக்குச் சண்டை இல்லை. முதற்சுற்றில் கார்பன்-கந்தகப் பிணைப்புகளும் அறுந்து, மின்னேற்றும்போது மறுபடி கட்டிக்கொள்கின்றன. அப்படிக் கட்டிக்கொண்டது பழைய இடத்தில்தானா என்பதில் சண்டை போடலாம், ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை.

கரும்பலகை | ஞாயிறு, மாலை 6.15

எல்லோருக்கும் நன்றி. நாளை பலகையில் இரண்டாவது படத்தைத்தான் வரையப்போகிறேன். பாலத்தில் கந்தகத்தின் எண்ணிக்கையை எழுதாமல், அடைப்புக்குறி போட்டு "இரண்டு முதல் நான்கு" என்று மட்டும் எழுதுவேன். காரைக்குடி ஐயாவுக்காக, ஏணிக்குப் பக்கத்தில் ஓர் இரட்டைக் கந்தகத்தைப் புள்ளிக்கோட்டுக்குள் தனியாக விடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு கன்னியா என்ன கேட்கப்போகிறாள் என்று நினைக்க இப்போதே பயமாக இருக்கிறது.

டயர்கடை அண்ணை, அந்தப் பழைய எபனைற்றுப் பெட்டியை ஒரு நாளைக்கு இரவல் தருவீர்களா? வகுப்பில் காட்டவேண்டும்.

டயர்கடை | ஞாயிறு, மாலை 6.40

ஆணியைக் கொட்டிவிட்டுத் தருகிறேன் சேர். எட்டு மணிக்கு முன் வாருங்கள்.